பையில் வைத்த லேப்டாப் காலையில் ‘டெட்’ ஆவது ஏன்? லினக்ஸ் பயனாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாலை 7 மணி. 80 சதவீத சார்ஜுடன் லேப்டாப்பை மூடி, பையில் போட்டு, வீட்டுக்குக் கிளம்பியாயிற்று. மறுநாள் காலை 10 மணிக்கு கிளையன்ட் முன்னால் டெமோ. 9.50-க்குப் பையைத் திறந்தால் உள்ளே கதகதவென்று இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தினால் பதிலே இல்லை. சார்ஜர் வீட்டில். நேற்று சேமிக்காமல் திறந்து வைத்திருந்த கோப்பும் போச்சு.

“ஸ்லீப்லதானே போட்டேன்?” என்று திகைத்து நிற்கும்போது பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல் வரும்: “லினக்ஸ் போட்டா இப்படித்தான். பேட்டரி நிக்கவே நிக்காது.”

இது பாதி உண்மை. விண்டோஸோடு சேர்த்து விற்கப்படும் லேப்டாப்பில், அந்த மாடலுக்கான மின்சேமிப்பு அமைப்புகளைத் தயாரிப்பாளரே சரிபார்த்து அனுப்புகிறார். அதே லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவும்போது அந்த வேலையின் ஒரு பகுதி பயனாளரின் தலையில் விழுகிறது. மீதிப் பாதியைப் பலரும் சொல்வதில்லை. பேட்டரி எங்கே போகிறது என்பதை லினக்ஸ் மறைப்பதில்லை. எப்போது தூங்கியது, யார் எழுப்பியது, எத்தனை வாட் செலவாகிறது என எல்லாமே பதிவாகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால், இணையத்தில் கண்ட கட்டளைகளை எல்லாம் காப்பி-பேஸ்ட் செய்ய வேண்டிய அவசியம் இருக்காது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 பாதுகாப்பு சிப்பும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாத பலருக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா போன்றவை மாற்றுவழி. தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது.

புதிதாக மாறியவர்களுக்கு வைஃபை, பிரின்டர் எல்லாம் பெரும்பாலும் முதல் நாளே வேலை செய்துவிடும். முதல் வாரத்தில் வரும் புகார் ஒன்றுதான்: “சார்ஜ் சீக்கிரம் தீருது.”

அந்தப் புகாருக்குள் மூன்று வெவ்வேறு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, தூங்கும்போது தீர்வது. இரண்டு, வேலை செய்யும்போது தீர்வது. மூன்று, பேட்டரியே கிழடாகிவிட்டது. எது என்று பிரித்துப் பார்க்காமல் வைத்தியம் பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

முதலில் ஒரு கணக்கு

பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணி என்ற அலகில் சொல்லப்படும். 50 வாட்-மணி பேட்டரியிலிருந்து 5 வாட் செலவானால் 10 மணி நேரம் தாங்கும். 10 வாட் செலவானால் 5 மணி நேரம். டேங்க்கில் இருக்கும் தண்ணீர், திறந்திருக்கும் குழாய். அவ்வளவுதான் கணக்கு.

மேலே சொன்ன காட்சியில் 50 வாட்-மணி பேட்டரி இருந்தது என்று வையுங்கள். 80 சதவீதம் என்றால் 40 வாட்-மணி. மாலை 7 முதல் காலை 10 வரை 15 மணி நேரம். வகுத்தால், சுமார் 2.7 வாட். நன்றாகத் தூங்கும் லேப்டாப்புக்கு அரை வாட் என்று தாராளமாகவே வைத்தாலும், 15 மணி நேரத்தில் 7.5 வாட்-மணிதான் போயிருக்க வேண்டும். அதாவது 15 சதவீதம். காலையில் 65 சதவீதம் மிச்சம் இருந்திருக்கும்.

2.7 வாட் என்பது முழுத் தூக்கமும் இல்லை, முழு விழிப்பும் இல்லை. லேப்டாப் இரவெல்லாம் கோழித் தூக்கம் போட்டிருக்கிறது. ஒரு பென்சிலும் தாளும் கொண்டு போட்ட இந்தக் கணக்கே, சிக்கல் எங்கே என்று பாதி சொல்லிவிடுகிறது.

‘ஸ்லீப்’ என்பது ஒன்றல்ல

லேப்டாப்பின் மின்சேமிப்புக்கு அடிப்படை, ஏ.சி.பி.ஐ. என்ற தர விதிமுறை. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 1996-இல் இதை வெளியிட்டன. இயங்குதளமும் கணினியின் ஃபர்ம்வேரும் மின்சாரம் பற்றிப் பேசிக்கொள்ளும் மொழி இது. இதில் வரும் எஸ்3 என்ற நிலைதான் நெடுங்காலமாக நமக்குத் தெரிந்த ‘ஸ்லீப்’. ரேம் நினைவகத்துக்கு மட்டும் துளி மின்சாரம், மற்றதெல்லாம் அணைந்துவிடும்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் வேறொரு பாதையைத் தொடங்கியது. ஸ்மார்ட்போனைப் போல, திரை அணைந்திருந்தாலும் அவ்வப்போது மெயில் இறங்க வேண்டும், தொட்டதும் உடனே விழிக்க வேண்டும் என்பது இலக்கு. விண்டோஸ் 10-இல் இதன் பெயர் ‘மாடர்ன் ஸ்டான்ட்பை’ ஆனது. புதிய லேப்டாப்களில் பல, பழைய எஸ்3-ஐ முற்றிலும் கைவிட்டுவிட்டு இதை மட்டுமே தருகின்றன. லினக்ஸில் இதற்கு இணையான நிலையின் பெயர் ‘எஸ்2ஐடில்’.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்3 என்பது, விசேஷம் முடிந்ததும் மேனேஜரே வந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவது. எஸ்2ஐடில் என்பது, ஒவ்வொரு அறையில் இருப்பவரும் தத்தம் விளக்கை அணைக்க வேண்டும். கடைசி அறையும் இருண்ட பிறகுதான் மெயின் தானாக இறங்கும். எங்கோ ஒரு அறையில் ஒருவர் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், மண்டபத்துக்கே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

லேப்டாப்பில் அந்த ‘ஒருவர்’ ஒரு எஸ்.எஸ்.டி. டிரைவாக இருக்கலாம், கார்டு ரீடராக இருக்கலாம், கிராபிக்ஸ் சிப்பாக இருக்கலாம். திரை கறுப்பு, விசிறி நின்றுவிட்டது, விளக்கு கண்சிமிட்டுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தூங்குவது போலத்தான் தெரியும்.

2018-இல் வந்த லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை லேப்டாப்பில் இது பெரிய பேச்சானது. லினக்ஸ் பயனாளர்கள் விரும்பி வாங்கும் வரிசை அது. ஆனால் எஸ்3 இல்லாமல் வந்தது. புகார்களைத் தொடர்ந்து, அதே ஆண்டில் வந்த பயாஸ் அப்டேட்டில் ‘ஸ்லீப் ஸ்டேட்’ என்றொரு தேர்வு சேர்க்கப்பட்டது. அதில் ‘லினக்ஸ்’ என்று மாற்றினால் எஸ்3 திரும்பக் கிடைத்தது. ஒரு சிக்கல் இயங்குதளத்தில் இருப்பது போலத் தோன்றினாலும், தீர்வு பயாஸில் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

உங்கள் லேப்டாப்பில் எந்த ஸ்லீப்?

டெர்மினலைத் திறந்து, ‘சிஸ்’ கோப்புறைக்குள் ‘பவர்’, அதற்குள் ‘மெம்_ஸ்லீப்’ என்ற கோப்பை ‘கேட்’ கட்டளையால் படிக்கலாம். ஒரே வரிதான் இருக்கும். அதில் ‘எஸ்2ஐடில்’, ‘டீப்’ என்ற சொற்கள் வரும். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் இப்போது பயன்பாட்டில் உள்ளது. ‘டீப்’ என்பது எஸ்3.

*இரண்டும் இருந்து, எஸ்2ஐடில் தேர்வாகியிருந்தால்:* அதே கோப்பில் ‘டீப்’ என்று எழுதி, ஒருமுறை ஸ்லீப் போட்டு எழுப்பிப் பார்க்கலாம். இந்த மாற்றம் ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும் என்பதால் சோதித்துப் பார்க்கப் பாதுகாப்பானது. சரியாக விழித்தால், ‘மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்’ என்ற கெர்னல் அளவுருவை ‘டீப்’ என்று கிரப் அமைப்பில் சேர்த்து நிரந்தரமாக்கலாம்.

*எஸ்2ஐடில் மட்டும் இருந்தால்:* பயாஸில் ‘ஸ்லீப் ஸ்டேட்’ போன்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எஸ்3 கிடையாது. கோழித் தூக்கத்தை ஆழ்ந்த தூக்கமாக்குவதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை. தயாரிப்பாளர் சோதித்துப் பார்க்காத எஸ்3-ஐ இயக்கினால், சில லேப்டாப்கள் தூங்கும், ஆனால் எழாது. திறந்திருக்கும் வேலையை எல்லாம் சேமித்துவிட்டுத்தான் இந்தச் சோதனையில் இறங்க வேண்டும்.

தூங்கியதா, நடித்ததா?

லினக்ஸின் நிகழ்வுப் பதிவேட்டை ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளை காட்டும். அதில் ‘சஸ்பென்ட் என்ட்ரி’, ‘சஸ்பென்ட் எக்ஸிட்’ என்ற வரிகளைத் தேடினால் லேப்டாப் எப்போது தூங்கப் போனது, எப்போது எழுந்தது என்று நேரத்தோடு தெரியும். அடைப்புக்குறிக்குள் எந்த வகைத் தூக்கம் என்பதும் இருக்கும். லேப்டாப் சார்ஜ் இன்றி அணைந்துபோயிருந்தால், முந்தைய பூட்டின் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று விதமான பதில் கிடைக்கலாம்.

*‘என்ட்ரி’ வரியே இல்லை.* லேப்டாப் தூங்கப் போகவே இல்லை. ஏதோ ஒரு செயலி தடுத்திருக்கிறது. ‘சிஸ்டம்டி-இன்ஹிபிட்’ கட்டளையின் பட்டியலில் யார் தடுக்கிறார்கள் என்று தெரியும். இன்னொரு சாதாரண காரணமும் உண்டு. வெளி மானிட்டர் இணைந்திருக்கும்போது மூடியைச் சாத்தினால் லினக்ஸ் பொதுவாக ஸ்லீப் போகாது. அது பிழையல்ல, மூடிய லேப்டாப்போடு பெரிய மானிட்டரில் வேலை செய்பவர்களுக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் மூடி, ஒயரைப் பிடுங்கி, பையில் திணிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

*‘என்ட்ரி’, ‘எக்ஸிட்’ ஜோடிகள் வரிசையாக வருகின்றன.* யாரோ எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். வயர்லெஸ் மவுஸின் யு.எஸ்.பி. டாங்கிளை லேப்டாப்பிலேயே விட்டுவிட்டு, மவுஸையும் அதே பையில் போட்டால் இது நடக்கலாம். வண்டி குலுங்கும்போதெல்லாம் மவுஸ் அசையும், லேப்டாப் விழிக்கும். டாங்கிளைக் கழற்றிவிட்டு ஒருநாள் பாருங்கள். அதுதான் காரணம் என்று தெரிந்தால், அந்த யு.எஸ்.பி. சாதனத்தின் ‘வேக்கப்’ அமைப்பை ‘டிஸேபிள்ட்’ என்று மாற்றிவிடலாம். எந்தெந்தச் சாதனங்களுக்கு எழுப்பும் உரிமை இருக்கிறது என்பதை ‘ப்ராக்’ கோப்புறையில் ‘ஏசிபிஐ’-க்குள் இருக்கும் ‘வேக்கப்’ கோப்பு பட்டியலிடும்.

*‘என்ட்ரி’ இருக்கிறது, ‘எக்ஸிட்’ இல்லை, ஆனாலும் பேட்டரி காலி.* இதுதான் கோழித் தூக்கம். அடுத்த முறை, சார்ஜ் தீரும் முன்பே எழுப்பிப் பார்க்க வேண்டும். 2023-இல் வந்த கெர்னல் 6.4 முதல் ‘சஸ்பென்ட்_ஸ்டாட்ஸ்’ என்ற கோப்புறையில் ‘லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப்’ என்றொரு கோப்பு இருக்கிறது. கடைசித் தூக்கத்தில் வன்பொருள் உண்மையில் எவ்வளவு நேரம் ஆழ்ந்து தூங்கியது என்பதை, ஆதரவுள்ள கணினிகளில், மைக்ரோ விநாடிகளில் அது சொல்லும். பத்து நிமிடம் ஸ்லீப் போட்டு எழுப்பிய பிறகும் அங்கே பூஜ்யம் இருந்தால், மண்டபத்தில் யாரோ ஃபேன் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் முதலில் செய்ய வேண்டியது பயாஸ் அப்டேட்டும் கெர்னல் அப்டேட்டும். இந்தச் சிக்கல்கள் பலவும் அங்கேதான் சரி செய்யப்படுகின்றன. பயாஸ் அப்டேட்டுக்கு இப்போது விண்டோஸ் தேவையில்லை. ‘எஃப்.டபிள்யூ.யு.பி.டி.’ என்ற கருவி, பல முன்னணி நிறுவனங்களின் ஃபர்ம்வேர்களை லினக்ஸிலிருந்தே இறக்கி நிறுவும். உபுண்டு, ஃபெடோராவின் மென்பொருள் அங்காடியிலேயே இது அப்டேட்டாக வந்து நிற்கும். பலர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

முழித்திருக்கும்போது தீர்ந்தால்?

இதற்கு இன்டெல் 2007-இல் வெளியிட்ட ‘பவர்டாப்’ என்ற இலவசக் கருவி இன்றும் நம்பகமானது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, நிர்வாகி அனுமதியுடன் அதை ஓடவிட்டு, சில நிமிடம் எதையும் தொடாமல் காத்திருந்தால், பேட்டரியிலிருந்து இப்போது எத்தனை வாட் போகிறது, எந்தச் செயலி பிராசஸரை அடிக்கடி தட்டி எழுப்புகிறது என்று காட்டும்.

மெல்லிய ஆபீஸ் லேப்டாப் ஒன்று, பாதி வெளிச்சத்தில் சும்மா இருக்கும்போது ஒற்றை இலக்க வாட்டில்தான் இருக்க வேண்டும். அதுவே 15 வாட்டைத் தாண்டினால் ஏதோ சரியில்லை. அடிக்கடி மாட்டும் ஆட்கள் இவர்கள்:

*தனி கிராபிக்ஸ் கார்டு.* இன்டெல் அல்லது ஏ.எம்.டி. கிராபிக்ஸுடன் என்விடியா சிப்பும் உள்ள லேப்டாப்களில், கேம் ஆடாதபோது என்விடியா முழுதாக அணைய வேண்டும். இந்த வசதி டூரிங் தலைமுறை முதல் வந்தது. அணைந்ததா என்பதை அந்தச் சாதனத்தின் ‘ரன்டைம்_ஸ்டேட்டஸ்’ கோப்பு சொல்லும்: ‘சஸ்பென்டட்’ என்றால் நல்லது, ‘ஆக்டிவ்’ என்றால் பேட்டரி அங்கேதான் போகிறது. இதைச் சோதிக்கப் பலர் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளையை அடிப்பார்கள். அந்தக் கட்டளையே தூங்கும் கார்டை எழுப்பிவிடும். “தூங்கிட்டியா?” என்று கேட்டு எழுப்புவது போல. உபுண்டுவில் ‘பிரைம்-செலக்ட்’ மூலம் ‘ஆன்-டிமாண்ட்’ அல்லது ‘இன்டெல்’ முறைக்கு மாறலாம்.

*பிரவுசர் வீடியோ.* வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையைக் கிராபிக்ஸ் சிப் செய்தால் செலவு குறைவு. பிராசஸர் செய்தால் விசிறி அலறும். லினக்ஸில் இன்டெல் கிராபிக்ஸுக்கு இந்த வசதியை ஃபயர்ஃபாக்ஸ் 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பு முதல் இயல்பாகவே இயக்கி வைத்திருக்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் அப்டேட் செய்தாலே மாற்றம் தெரியலாம்.

*திரை வெளிச்சம்.* கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் சும்மா இருக்கும் லேப்டாப்பில் அதிகம் செலவழிப்பவற்றில் திரை முக்கியமானது. வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு பவர்டாப்பில் வாட் எண்ணைப் பார்த்தால் புரியும்.

ஒரே நோய்க்கு மூன்று டாக்டர்

“டி.எல்.பி. போடு, எல்லாம் சரியாயிடும்” என்பது லினக்ஸ் வட்டாரத்தில் வாடிக்கையான அறிவுரை. டி.எல்.பி. நல்ல கருவிதான். பேட்டரியில் ஓடும்போதும் சார்ஜரில் ஓடும்போதும் தனித்தனி அமைப்புகளைத் தானாக மாற்றும். ஆனால் இன்றைய உபுண்டுவில் ‘பவர் புரொஃபைல்ஸ் டீமன்’ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மேல் மூலையில் தெரியும் ‘பவர் சேவர்’, ‘பேலன்ஸ்டு’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ தேர்வுகளுக்குப் பின்னால் இருப்பது அதுதான். ஃபெடோரா 41 முதல் அந்த இடத்தில் ‘டியூன்டு’ இருக்கிறது. இவற்றோடு சேர்த்து டி.எல்.பி.யையும், போதாததற்கு ‘ஆட்டோ-சிபியுஃப்ரீக்’கையும் நிறுவினால், மூன்று டாக்டர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே நோயாளிக்கு மருந்து எழுதுவது போல ஆகும். ஒன்று வைத்த அமைப்பை மற்றொன்று மாற்றும். எதனால் என்ன நடந்தது என்றே பிறகு கண்டுபிடிக்க முடியாது.

ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பயன்பாட்டுக்கு, இயங்குதளத்தோடு வந்ததே போதும். டி.எல்.பி. வேண்டுமென்றால் மற்றதை நீக்கிவிட்டு நிறுவ வேண்டும்.

பவர்டாப்பில் உள்ள ‘ஆட்டோ-ட்யூன்’ வசதியும் இப்படித்தான். எல்லா மின்சேமிப்பு அமைப்புகளையும் ஒரே தட்டில் இயக்கிவிடும். விளைவாக, சில விநாடி தொடாமல் விட்ட யு.எஸ்.பி. மவுஸ் தூங்கிப் போய், அடுத்த முறை அசைக்கும்போது முதலில் நகராது. “மவுஸ் கெட்டுப் போச்சு” என்று புதிது வாங்கியவர்களும் உண்டு. ரீஸ்டார்ட் செய்தால் அந்த மாற்றங்கள் போய்விடும் என்பது ஒரு நிம்மதி.

அளந்ததால் பிடிபட்ட பிழை

கருவியை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட அளப்பது ஏன் முக்கியம் என்பதற்கு லினக்ஸ் வரலாற்றிலேயே ஒரு கதை இருக்கிறது. 2011 மார்ச்சில் கெர்னல் 2.6.38 வெளியானது. அதன் பிறகு பல லேப்டாப்களில் பேட்டரி முன்பைவிட வேகமாகத் தீர்ந்தது. ஃபோரானிக்ஸ் இணையதளம், ஒவ்வொரு கெர்னல் பதிப்பிலும் மின்செலவை அளந்து, எந்த மாற்றத்துக்குப் பிறகு எகிறியது என்று பின்னோக்கித் தேடிப் பிடித்தது.

காரணம், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்புகளை வேலை இல்லாதபோது ஓய்வெடுக்க வைக்கும் ஏ.எஸ்.பி.எம். என்ற அமைப்பு. சில பயாஸ்கள், “எனக்கு ஏ.எஸ்.பி.எம். கிடையாது” என்று ஒரு இடத்தில் அறிவித்துவிட்டு, மறுபக்கம் சாதனங்களில் அதை இயக்கியும் வைத்திருந்தன. புதிய கெர்னல் அந்த அறிவிப்பை அப்படியே நம்பி, இயங்கிக்கொண்டிருந்ததையும் அணைத்துவிட்டது. அப்போது ரெட் ஹாட் நிறுவனத்தில் இருந்த மேத்யூ காரெட், இதே பயாஸை விண்டோஸ் எப்படிப் புரிந்துகொள்கிறது என்று ஆராய்ந்தார். பயாஸ் வைத்த அமைப்பில் கை வைக்காமல் விட்டுவிடுவதே சரி என்ற முடிவுக்கு வந்து, அதற்கான திருத்தத்தை எழுதினார். 2012 மார்ச்சில் வந்த கெர்னல் 3.3-இல் அது இடம்பெற்றது.

ஓராண்டு காலம் பலரும் “லினக்ஸ்னா பேட்டரி நிக்காது” என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், பிழை ஒரே ஒரு முடிவில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது ஊகம் அல்ல, வாட் மீட்டர்.

பேட்டரியே கிழடாகியிருந்தால்?

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லையா? பேட்டரியின் இன்றைய கொள்ளளவைப் பார்க்க வேண்டும். ‘யுபவர்’ கட்டளை இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று ‘எனர்ஜி-ஃபுல்-டிசைன்’: புதிதாக இருந்தபோது எவ்வளவு. மற்றது ‘எனர்ஜி-ஃபுல்’: இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு. முதலாவது 50, இரண்டாவது 31 என்றால், கையில் இருப்பது 62 சதவீத பேட்டரிதான். திரையில் 100 சதவீதம் என்று காட்டுவது இந்த 31-ஐத்தான். எந்தக் கட்டளையும் மீதி 19-ஐத் திருப்பித் தராது. 30 சதவீதம் காட்டும்போதே சட்டென்று அணைந்துபோவதும் மூப்பின் அடையாளமாக இருக்கலாம்.

இருக்கும் ஆயுளைக் காக்க ஒரு வழி உண்டு. லித்தியம்-அயான் பேட்டரியை எந்நேரமும் 100 சதவீதத்திலேயே வைத்திருப்பது அதைச் சீக்கிரம் தேய்க்கும். ஆபீஸில் நாள் முழுக்க சார்ஜரிலேயே வேலை செய்பவர்கள் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளலாம். லேப்டாப் ஆதரித்தால், 2025 மார்ச்சில் வந்த நோம் 48-இன் செட்டிங்ஸிலேயே இதற்குத் தேர்வு இருக்கிறது. கே.டி.ஈ. பிளாஸ்மாவிலும் உண்டு. டி.எல்.பி. மூலமும் செய்யலாம்.

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, பேட்டரி உப்பியிருக்கலாம். அப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தி, சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றுவதே சரி. அழுத்துவது, குத்துவது கூடவே கூடாது.

ஹைபர்நேட்: கடைசிக் காவல்

ஸ்லீப்பை எப்படியும் சரிசெய்ய முடியவில்லை என்றால், ஹைபர்நேட் இருக்கிறது. ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு லேப்டாப் முழுதாக அணைந்துவிடும். திறந்த கோப்புகள் அப்படியே திரும்ப வரும். இரவு முழுக்கப் பேட்டரி கரையாது. இதற்கு ரேமின் அளவுக்காவது ஸ்வாப் இடம் ஒதுக்க வேண்டும். பல லினக்ஸ் வகைகளில் செக்யூர் பூட் இயங்கும்போது கெர்னல் ஹைபர்நேட்டை அனுமதிக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எல்லாம் அமைந்தால், முதலில் ஸ்லீப், குறிப்பிட்ட நேரம் கழித்துத் தானாக ஹைபர்நேட் என்ற கலப்பு முறையையும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

1. இரவு மூடும்போதும் காலையில் திறக்கும்போதும் சதவீதத்தையும் நேரத்தையும் எழுதி, வாட் கணக்குப் போடுங்கள்.

2. ‘யுபவர்’ மூலம் பேட்டரியின் இன்றைய கொள்ளளவைப் பாருங்கள். பாதிக்கும் கீழே என்றால் மற்ற வேலைகளுக்கு முன் பேட்டரியை மாற்றுங்கள்.

3. பயாஸ், கெர்னல் இரண்டையும் அப்டேட் செய்யுங்கள்.

4. எந்த வகை ஸ்லீப் என்று பாருங்கள். பதிவேட்டில் ‘என்ட்ரி’, ‘எக்ஸிட்’ வரிகளைத் தேடுங்கள்.

5. பவர்டாப்பில், சும்மா இருக்கும்போது எத்தனை வாட் என்று குறித்துவையுங்கள்.

6. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றிய பிறகு மறுபடி அளவு. பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்தது.

ஆறாவதுதான் எல்லாரும் தவறவிடுவது. ஒரே இரவில் எட்டு கட்டளைகளை அடித்துவிட்டு, மறுநாள் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் மீண்டும் கெட்டுப்போனால், மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும்.

இத்தனையும் செய்து முடிக்கும்வரை ஒரு சின்னப் பழக்கம் போதும். நாளைக்கு டெமோ இருக்கிறதா? இன்று மாலை ஸ்லீப்பை நம்பாமல், கோப்பைச் சேமித்து, ‘ஷட் டவுன்’ கொடுத்து, விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பையில் வையுங்கள். சார்ஜரையும்தான்.